ஓடுகிற பெட்டியில் கை வைத்தவள்

காஞ்சனாவைப் பயந்தாங்கொள்ளி என்று முகத்துக்கு நேராகவே சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா இல்லையா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். காஸ் அடுப்பை மூடினோமா என்ற சந்தேகம் வேலைக்கு நடுவில் வந்தால் புருஷனுக்குப் போன் போடுவாள். புருஷன் பூபாலன் திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் பேட்டரி கடை வைத்திருக்கிறான். "நீ பயப்படற ஒவ்வொண்ணுக்கும் வேண்டிக்கினா, சாமி மலைய வுட்டு எறங்கி வேற ஊரு பாத்துக்கினு போயிடும்" என்று கடைக்கு வந்தவர்கள் எதிரிலேயே சொல்லிச் சிரிப்பான்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த தொழிலைப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கிற விசைத்தறியின் மூளைக்குள் கை வைப்பது.

அம்மையார்குப்பத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். நைனா, அதாவது அப்பா, சீக்கிரமே இறந்துவிட்டார். டிப்ளமோ முடித்து, ஒன்பது வருஷம் காலை ரயில் பிடித்துச் சென்னைக்குப் போய், தறிப் பெட்டி செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஒரு நாள் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். முதலாளி போனை எடுக்கவில்லை. பெட்டி வாங்கியிருந்த தறிக்காரர்கள் கையில் மிச்சம் இருந்தது காஞ்சனாவின் நம்பர் ஒன்றுதான். "யம்மா, பெட்டி தூங்கிப்போச்சு, கொஞ்சம் வந்து பாரேன்" என்று ஒருத்தர் கூப்பிட்டார். அடுத்த வாரம் நாலு பேர் கூப்பிட்டார்கள். இப்போது அம்மையார்குப்பத்திலிருந்து பள்ளிப்பட்டு வரைக்கும் நாற்பது சொச்சம் பெட்டிகள் அவள் தலையில். ஸ்கூட்டியில் லேப்டாப் பையோடு அவள் போவதைப் பார்த்தால், "பெட்டிக்காரம்மா போவுது" என்பார்கள்.

பெட்டி என்பது தறியில் பூ போடுகிற கருவிக்கு உத்தரவு கொடுக்கிற ஒரு சின்னக் கம்ப்யூட்டர். குறுக்கே ஓர் ஊடை நூல் ஓடும்போது, நெடுக்கே இருக்கிற பாவு நூலில் எதெல்லாம் தூக்க வேண்டும், எதெல்லாம் படுத்திருக்க வேண்டும் என்று அதுதான் சொல்லும். சொன்னதும் மேலே இருக்கிற நூற்றுக்கணக்கான காந்தங்கள் இழுக்கும், விடும். நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் இது நடக்கிறது. ஒரு தடவை தப்பினால் மயிலுக்குக் கழுத்து இருக்காது.

கத்திரி வெயில் வந்துவிட்டால் பெட்டிகளுக்குக் கெட்ட காலம். சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே மதியம் மனுஷன் நிற்க முடியாது. மனுஷன் வெளியே வந்து மரத்தடியில் நிற்கலாம், பெட்டி எங்கே போகும்? உள்ளே இருக்கிற பிராசசர் சூடு ஏறி ஏறி, ஒரு கட்டத்தில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். அணைந்தால் எத்தனையாவது ஊடையில் இருந்தோம் என்பது அதற்கு மறந்துபோகும். பூ பாதியில் நிற்கும், சேலை பாழ். தறிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? நனைத்த கோணியை எடுத்துப் பெட்டி மேல் போட்டுவிட்டார்கள். பள்ளிப்பட்டு டில்லிபாபு கொட்டகையில்தான் காஞ்சனா அதை முதல் தடவை பார்த்தாள். கரண்டு ஓடுகிற பெட்டி, அதன் மேல் ஈரக் கோணி. "எடுங்கண்ணா அத, எடுங்க மொதல்ல" என்று அவள் பதறியதை டில்லிபாபு இன்றைக்கும் நடித்துக் காட்டுவார்.

வழி ஒன்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு கோடை தள்ளிப்போட்டாள். பிராசசரை எப்போதும் முழு வேகத்தில் ஓட்ட வேண்டியதில்லை. சூடு ஏறும்போது வேகத்தைக் குறைத்து, சூடு தணிந்ததும் ஏற்றிவிட்டால் அது அணையாது. நம் கையிலிருக்கிற போனிலும் அப்படித்தான் நடக்கிறது, நமக்குத் தெரிவதில்லை. ஆனால் அணைத்துப் போட்டுவிட்டுச் செய்கிற வேலை இல்லை இது. உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற வேண்டும். அதற்கு முறை உண்டு. ஏற்றும்போது முதலில் வோல்ட்டைக் கூட்டி, பிறகு வேகத்தைக் கூட்ட வேண்டும். இறக்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்து, பிறகுதான் வோல்ட்டைக் குறைக்க வேண்டும். முறை மாறினால் சோறு போடாமல் ஓடச் சொன்ன மாதிரி, பெட்டி அதே இடத்தில் மயங்கி விழும்.

அதாவது பரவாயில்லை, புத்தகத்திலேயே இருக்கிறது. அவளைப் பயமுறுத்தியது வேறு. அந்தப் புரோகிராமை முதன்முதலில் எழுதிய புண்ணியவான், காந்தம் எவ்வளவு நேரம் இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதற்குக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒன்றிலிருந்து நாற்பதாயிரம் வரை எண்ணு, எண்ணி முடித்ததும் விடு என்று எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். முட்டை வேகட்டும் என்று நூறு எண்ணுகிற மாதிரிதான். எண்ணுகிறவன் ஒரே வேகத்தில் எண்ணுகிற வரைக்கும் சரி. மெதுவாக எண்ணினால் காந்தம் பிடித்த பிடியில் கருகும். வேகமாக எண்ணினால் பிடிப்பதற்குள் விட்டுவிடும். ஆகவே வேகத்தை மாற்றுவதற்கு முன்னால் எண்ணிக்கொண்டிருக்கிற எல்லாவற்றையும் "நில்" என்று நிறுத்தி, மாற்றி, "இனிமேல் இத்தனை எண்ணு" என்று சொல்லிக் கொடுத்து, "ஓடு" என்று விட வேண்டும். அந்த அரை நொடி தறியையும் நிறுத்திப் பிடிக்க வேண்டும். காஞ்சனா எழுதினாள். வீட்டு மேஜையில் ஒரு பெட்டியை வைத்து இருநூறு தடவை ஏற்றினாள், இறக்கினாள். பூபாலன் காபி டம்ளரைப் பக்கத்தில் வைக்கப் போனால் கையைத் தட்டிவிட்டாள்.

பிறகு டில்லிபாபுவின் ஒரு தறியில் புதிதாகச் சேலை தொடங்கும்போது அதைப் போட்டுவிட்டாள். சூட்டைப் பார்த்துப் பெட்டி தானாகவே வேகத்தை இறக்கும், தானாகவே ஏற்றும். பதினொரு நாள் காலையும் மாலையும் போன் போட்டாள். "ஓடுதும்மா, நல்லா ஓடுது, நீ மொதல்ல தூங்கு" என்றார் டில்லிபாபு. பதினோராம் நாள்தான் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு ஹேமநாதன் பாவா கூப்பிட்டார். பாவா அவள் அக்கா சுஜாதாவின் புருஷன். நைனா போன பிறகு காஞ்சனாவை டிப்ளமோ படிக்க வைத்தது அவர்தான். அவருக்கு அம்மையார்குப்பத்தில் நாலு தறி. ஒரே பெண் கவிப்பிரியா சென்னையில் வேலை பார்க்கிறாள், அவளுக்கு இன்னும் ஒன்பது நாளில் கல்யாணம். முகூர்த்தச் சேலை தன் தறியில்தான் இறங்க வேண்டும், முந்தானையில் பெண் பேரும் மாப்பிள்ளை அசோக்குமார் பேரும் சரிகையில் வர வேண்டும் என்று பாவாவுக்கு ஒரே பிடிவாதம். முதல் சேலை பேரின் நடுவில் பெட்டி அணைந்து, "கவிப்பி" என்பதோடு நின்றது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவது பாவு பூட்டினார். மூன்றாவதாகப் பூட்ட நாள் கிடையாது.

"முந்தானை ஓடிகினு கீது, பெட்டி தொட்டா சுடுது" என்றார் பாவா. "இன்னா பண்ணட்டும், கோணி போடட்டுமா?"

"ஒண்ணும் போடாதீங்க பாவா, நான் வரேன்."

ஸ்கூட்டியில் போகிற வழியெல்லாம் அவளுக்கு அதே யோசனை. டில்லிபாபு தறியில் சேலை தொடங்குமுன்பே புரோகிராமைப் போட்டாயிற்று. இங்கே அப்படி முடியாது. பெட்டியை அணைத்தால் மறந்துவிடும், முந்தானை போச்சு. ஓடுகிற பெட்டியில், ஓடுகிற புரோகிராமுக்குப் பக்கத்தில் புதுசைச் செருகி, ஓடும்போதே வேகத்தை மாற்ற வேண்டும். கவி முகத்தை நினைத்தாள், உடனே நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

கொட்டகைக்குள் நுழைந்தபோது நாலு தறியும் ஓடின. பேசுகிறவர் வாய் அசைவதுதான் தெரியும். பெட்டியில் எண்பத்தொரு டிகிரி. எண்பத்தைந்தில் அணையும். காஞ்சனா தறியின் பின்பக்கம் நூல் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து ஒயரைச் செருகினாள். பாவா முன்பக்கம். நடுவில் திரை போலத் தொங்குகிற ஆயிரக்கணக்கான நூல்கள், ஆளை ஆள் பார்க்க முடியாது. அக்கா அந்தக் கோடியில் மற்ற மூன்று தறிகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தானாக வேகம் மாறுகிற பகுதியை மட்டும் நிறுத்தி வைத்தாள், இன்றைக்கு அவளே அழுத்துவாள். புரோகிராம் உள்ளே போயிற்று. பெட்டி ஒன்றும் சொல்லவில்லை, ஓடிக்கொண்டிருந்தது.

"கொறைக்கட்டுமா பாவா?" என்று கத்தினாள்.

"ஆங், கொறை."

அழுத்தினாள். தறி ஒரு மூச்சு நின்று, திரும்ப ஓடியது. எண்பத்தொன்று, எழுபத்தொன்பது, எழுபத்தைந்து. அரை மணி நேரம் கழித்து பாவா சுற்றிக்கொண்டு வந்து அவள் தோளைத் தட்டி, காதருகே குனிந்து, "கவிப்பிரியான்னு முழுசா வுழுந்துட்ச்சு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. காஞ்சனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். அவளால் முடியாதே. சாயங்காலம் சூடு தணிந்தால் வேகத்தை ஏற்ற வேண்டும், அதைக் கண்ணால் பார்க்காமல் எப்படிப் போவது? நான் போன பிறகு ஏதாவது ஆகிவிட்டால்? "அசோக்குமார்" பாதி வந்திருந்தது. மேகம் மூடி வெயில் கொஞ்சம் இறங்கியதும், இப்போதே ஒரு தடவை ஏற்றிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தாள். மணி மூன்று.

"ஏத்தட்டுமா பாவா?"

"ஆங்."

அழுத்தினாள். தறி ஒரே ஓர் அடி அடித்தது. அடுத்து வந்தது பாவாவின் குரல்.

எதிர்வீட்டு சுப்பிரமணியின் ஆட்டோவில் திருத்தணி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பாவா நடுவில், கையில் சுற்றிய துண்டு சிவந்துகொண்டே வந்தது. நசுங்கியது நடுவிரலும் மோதிர விரலும். இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் காஞ்சனா. அக்கா அவர் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி, தங்கையின் கையை விடாமல் பிடித்திருந்தாள். "நீ மட்டும் அங்க இல்லன்னா நான் இன்னா பண்ணியிருப்பேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"என் தப்புதான்" என்றார் பாவா, பல்லைக் கடித்துக்கொண்டு. "ஊட நூலு அறுந்து தறி நின்னுச்சு. அறுந்த துண்ட எடுக்கலாம்னு கைய வுட்டேன். தறி மெயின அணைச்சிருக்கணும். எவன் அணைக்கறான்? நாப்பது வருஷமா இப்படித்தான் வுடறேன். காஞ்சனா வேற பின்னாடி இருந்து என்னமோ கேட்டா, ஒண்ணும் காதுல வுழல. ஆங்?னு கேட்டுகினே திரும்பறேன், அதுக்குள்ள இந்தத் தறி..."

கொட்டகையில் கேட்ட அந்த ஆங் காஞ்சனாவின் காதில் திரும்ப விழுந்தது.

இந்தப் பக்கத்தில் ஆங் என்றால் சரி. அதையே லேசாக இழுத்துக் கடைசியில் தூக்கினால், என்ன சொன்னே என்று அர்த்தம். பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிகிற வித்தியாசம். ஆனால் மற்ற மூன்று தறிகளின் சத்தத்தில் முதலில் காணாமல் போவது அந்தத் தூக்கல்தான். அவர் கேள்வி கேட்டார். அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

அது மட்டுமா? அவள் எழுதிய வரி கண் முன்னால் வந்து நின்றது. நில், மாற்று, ஓடு. தறி ஏற்கெனவே நின்றிருந்ததா, யார் நிறுத்தினார்கள், எதற்கு நிறுத்தினார்கள் என்று அந்த வரி கேட்கவே இல்லை. வேகம் மாறியதும் ஓடு என்றது, ஓடியது. ஊடை நூல் அறுந்து நின்ற தறியையும் ஓடு என்றது. மேஜை மேல் இருநூறு தடவை பார்த்தாளே, மேஜையில் அறுவதற்கு நூல் ஏது?

அப்போதுதான் டில்லிபாபு ஞாபகம் வந்தார். அங்கே யாரும் அழுத்தக்கூட வேண்டாம். சூடு தணிந்தால் பெட்டி தானே ஏற்றும், தானே ஓடு என்று சொல்லும். பதினொரு நாளாக ஒருத்தர் கையும் அந்த அரை நொடியில் உள்ளே இல்லை, அவ்வளவுதான். அவள் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

போனை எடுத்தாள். அக்கா பிடித்திருந்த கையை உருவிக்கொள்ளவும் மனசில்லை, ஒற்றைக் கையால் நம்பரை அழுத்தினாள். பாவா பக்கத்தில். ஒரு வார்த்தை பேசினாலும் அவர் காதில் விழும். தறி மேல் பழி போட்டுக்கொண்டு, தன் மேல் பழி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். சொல்லாமல் எப்படி நிறுத்தச் சொல்வது என்று தேடினாள்.

"அண்ணா, அந்த தறிய கொஞ்சம் நிறுத்தி வைங்க. நான் வந்து ஒரு சின்ன வேலை பாக்கணும்."

போனுக்குள் தறிச் சத்தம் இரைந்தது. டில்லிபாபு கத்திப் பேசினார். "இப்பதாம்மா ரெண்டு மணிக்கு புதுச் சேலை தொடங்குனேன். நல்லா ஓடிகினு கீது. நீ வா, வந்தப்பறம் நிறுத்தறேன்."

"இல்லண்ணா, சூடு ஏறிடும். அதுக்குத்தான்."

"சூடா? இங்க மேகம் போட்டுக்கினு ஒரே காத்து. பெட்டி சில்லுனு கீது. ஊட ஒண்ணு அறுந்து இப்பதான் நின்னுச்சு, சௌமியா எடுத்துகினு கீறா. அப்பறம் பேசறேன்மா."

சௌமியா அவர் பெண்சாதி. காஞ்சனா இதற்கு மேல் சாக்கு எதையும் தேடவில்லை.

"அண்ணா, போன வெக்காதீங்க. சௌமியாவ கைய வெளிய எடுக்கச் சொல்லுங்க. பெட்டி தானா தறிய ஓட்டும். நூலு அறுந்து நின்னாலும் ஓட்டும், நான் தப்பா எழுதிட்டேன். இப்பத்தான் எங்க பாவா வெரல அது நசுக்கிட்ச்சு. தறி இல்லண்ணா, நான்தான். நான் அழுத்தினேன். மெயின அணைங்க."

சௌமியா என்று ஓர் அலறல் கேட்டது. போன் கீழே விழுந்த சத்தம். யாரோ ஓடுகிற சத்தம். அதன் பிறகு ஒவ்வொரு தறியாக இரைச்சல் அடங்கியது. ஆட்டோவும் மெதுவாயிற்று. சுப்பிரமணி கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்திட்டீங்களாண்ணா?"

"ஆங்."

"ஆங் வேணாண்ணா. இன்னா பண்ணீங்கன்னு வாய் தொறந்து சொல்லுங்க."

"மெயின அணைச்சுட்டேன்மா" என்றார் டில்லிபாபு. மூச்சு வாங்கியது. "கை வெளியதான் கீது. ரெண்டு கையும்."

போனை மடியில் வைத்தாள். அக்கா தன் கையை எடுத்துக்கொண்டிருந்தாள். எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாவா கையிலிருந்த துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டார். வலியில் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ள காஞ்சனா முயன்றாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆட்டோ நின்றது.

"நீ சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார் பாவா. "நான் தறியத்தான் திட்டிகினு இருந்திருப்பேன்."

"ஆமா பாவா."

"அந்தப் பொண்ணு கை உள்ள இல்லன்னா, எங்கிட்ட சொல்லியிருப்பியா?"

சொல்லியிருப்பேன் என்று சொல்ல வாய் வந்தது. நாற்பது பெட்டிக்காரர்களும், அக்காவும், கல்யாணப் பந்தலும் கண் முன்னால் வந்து போயின. இன்றைக்குப் பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

"தெரியல பாவா."

அவர் தலையை ஆட்டினார். ஏற்றுக்கொண்டாரா, வெறுத்துப் போனாரா என்று அவளுக்குப் புரியவில்லை. ரயில் போயிற்று. கேட் திறப்பதற்குள் அக்காவின் பையில் போன் அடித்தது. அக்கா எடுத்துப் பார்த்தாள். கவிப்பிரியா. சேலை முடிந்ததா என்று கேட்கத்தான் கூப்பிடுவாள், தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள். அக்கா போனைத் தன் காதுக்குக் கொண்டுபோகவில்லை. பாவாவின் மடிக்கு மேலாக அதைத் தங்கையிடம் நீட்டினாள். பாவாவும் தடுக்கவில்லை.

காஞ்சனா வாங்கிக்கொண்டாள். "கவி, நான் சித்தி பேசறேன்" என்றாள். "அப்பாவுக்குக் கையில அடி. என்னாலதான்."